சேலை மடிக்கும் கை

"இல்ல தங்கச்சி" என்றான் சுதேஷ்.

"நிப்பாட்டுங்கொ" என்றாள் ஸக்கியா.

இது ஒன்பதாவது தடவை. சுவரோரம் பாயில் சாய்ந்திருந்த நபீல் ஒன்பதாவது விரலையும் மடக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒற்றை விரலைச் சுதேஷுக்கு ஆட்டிக் காட்டினான்.

"சுதேஷ் அண்ணே, இப்ப என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன் மிஸ்."

"வாய் சொல்லிச்சு. மூஞ்சி என்ன சொல்லிச்சு?"

சுதேஷுக்குத் தன் மூஞ்சியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. முன்னால் கதிரையில் உட்கார்ந்து, வீட்டு உறுதிப் பத்திரமென்று ஒரு பழைய காகிதக் கோவையை மடியில் வைத்துக்கொண்டிருந்த சர்மிளாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"நீங்க சொல்லுங்கொ சர்மிளா. இவர் இல்ல எண்டதும் உங்களுக்கு என்ன தோணிச்சு?"

"இன்னும் ஒருக்கா கேட்டா குடுத்துருவாருன்னு தோணிச்சு மிஸ்."

"எனக்கு, பிளேன்டி குடிக்கிறீங்களான்னு கேக்கப் போறாருன்னு தோணிச்சு" என்றான் நபீல்.

எல்லோரும் சிரித்தார்கள். சுதேஷும் சிரித்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்த நடிப்புப் பயிற்சிக்கூடம். படிப்பவர்களுக்கு அது ஸ்டூடியோ. முன்பு நடன வகுப்பு நடந்த இடமாகையால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வந்த முதல் வாரமே ஸக்கியா அதைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டாள். "கண்ணாடி ஈந்தா நீங்க உங்களத்தான் பாப்பீங்க. முன்னால நிக்கிற ஆளப் பாக்க மாட்டீங்க" என்பது அவள் சொன்ன காரணம். மடவளைப் பெண், வயது முப்பத்திநாலு, கொழும்பில் நான்கு வருடம் முறையாக நடிப்புப் படித்து, மேடையிலும் நின்றுவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் இதைத் தொடங்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு. பத்துப் பேர். முதல் மூன்று மாதம் யாருக்கும் ஒரு வரி வசனம் கிடையாது. தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விடவேண்டும். அறையை எட்டு விதமாக நடந்து கடக்கவேண்டும். வெறும் வாளியைத் தண்ணீர் நிறைந்த வாளியாகத் தூக்கிக்கொண்டு படி ஏறவேண்டும். அதிலெல்லாம் சுதேஷை அடிக்க ஆள் இல்லை. அவன் தூக்கிய வாளியிலிருந்து தண்ணீர் சிந்துமோ என்று மற்றவர்கள் காலை நகர்த்தினார்கள்.

அதனால்தான் பயிற்சி முடிவில் போடும் நாடகத்தில் அண்ணன் பாத்திரத்தை அவனுக்குக் கொடுத்தாள். கனடாவுக்குப் போகப்போகும் தங்கை, தாய் விட்டுப்போன வீட்டை விற்பதற்குக் கையெழுத்துக் கேட்டு வருகிறாள். அண்ணன் மறுக்கிறான். நாடகத்தின் முதுகெலும்பே அந்த மறுப்புத்தான். மூன்று இடத்தில் மூன்று 'இல்ல'. அங்கேதான் வண்டி நின்றுபோனது.

"உங்களுக்குத் தங்கச்சிகிட்ட இருந்து என்ன வேணும்?" என்று கேட்டாள் ஸக்கியா. "வசனத்த விடுங்கொ. அவ முன்னால உட்காந்திருக்கிறா. அவகிட்ட இருந்து என்ன வேணும்?"

சுதேஷ் யோசித்தான். உண்மையைத்தான் சொன்னான்.

"அவ சந்தோஷமா எழும்பிப் போகணும் மிஸ்."

"எண்டா நீங்க அண்ணன் இல்ல. கடைக்காரன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவள் எதையும் அப்படித்தான், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள். "கேளுங்கொ அண்ணே. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கொழும்புல மேடை. நாள் கிட்ட வந்திட்டு. வாற ஞாயிறும் இப்பிடியே எண்டா, அண்ணன நபீலுக்குக் குடுப்பன்."

"சரிங்க மிஸ்."

"பாருங்கொ. இதுக்கும் சிரிக்கிறீங்க."

சுதேஷுக்கு நாற்பத்திரண்டு வயது. கண்டியில், கொழும்பு வீதியில், செல்லச்சாமி முதலாளியின் சேலைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறான். நிற்கிறான் என்பது வெறும் பேச்சுக்கு அல்ல. அந்தக் கடையில் கதிரை வாடிக்கையாளருக்கும் முதலாளிக்கும் மட்டும்தான். சேர்ந்த அன்று முதலாளி அவனைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த லட்சுமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று.

"இந்த வாசலுக்குள்ள 'அந்த' வார்த்தை வரப்படாது. பச்ச கேக்கிறாங்க, பச்ச முடிஞ்சிருச்சு, என்ன சொல்லுவ? 'வருதுங்க, நாளன்னைக்கு வருது, அதுவரைக்கும் இந்த மயில் கழுத்தப் பாருங்க'. வெளங்குதா? படத்துல இருக்கிற அந்தம்மாவுக்குக் காது கூர்மை. ஒருக்கா காதுல விழுந்தா எழும்பிப் போயிருவா."

இருபத்திரண்டு வருடத்தில் சுதேஷ் அந்த வார்த்தையை அந்த வாசலுக்குள் சொன்னதில்லை. மடவளையிலிருந்து வரும் உம்மாமாருக்கும், ஒசரி என்னும் கண்டிச் சேலைக்குத் துணி தேடும் சிங்களப் பெண்களுக்கும், பன்வில பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கல்யாணத்துக்குக் கூட்டமாக இறங்குபவர்களுக்கும் அவன் சேலையை விரித்து, கொசுவம் பிடித்து, முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவான். அவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். கரையைப் பார்ப்பார்கள். சேலைக்கு மேலே ஒரு முகம் இருப்பதை எவரும் பார்த்ததில்லை. இருபது தடவை வந்துபோன ஓர் அம்மா, பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் அவனைத் தெரியாமலே கட்டுகஸ்தோட்டை வரை போனார். அன்றைக்குப் பேக்கரி வாசலில் ஒட்டியிருந்த ஸ்டூடியோ விளம்பரத்தை அவன் இரண்டு தடவை படித்தான்.

அண்ணன் பாத்திரம் உங்களுக்கு என்று ஸக்கியா சொன்ன நாளில், வீட்டுக்கு மஹியாவையில் இறங்கவேண்டியவன் மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய், திரும்பி நடந்து வந்தான். ஒரு மேடையில், விளக்குக்கு அடியில், தோளில் எந்தச் சேலையும் இல்லாமல், சனம் தன் முகத்தைப் பார்க்கும். அதைத்தான் இப்போது நபீலிடம் தூக்கிக் கொடுக்கவேண்டி வரும்போல இருந்தது. போதாததற்கு, தீபாவளி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கும். முதலாளியிடம் அதைப் பற்றி அவன் இன்னும் வாயே திறக்கவில்லை. பாத்திரமே கைக்கு வராதபோது அந்தப் பேச்சு எதற்கு?

வீட்டில் பழகிப் பார்த்தான்.

"தர்ஷனா, என்கிட்ட ஏதாவது கேளு. நான் முடியாதுங்கணும்."

மனைவி அரிசி களைந்தபடியே கேட்டாள். "வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போவமா?"

"இல்ல."

"சரி. அப்ப எத்தன மணிக்கு?"

"இல்லன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. அதான் எத்தன மணிக்குன்னு கேக்கிறேன்."

வியாழக்கிழமை மழை நேரம். கடையில் ஆள் குறைவு. குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தவள் சர்மிளா. அவள் மாநகர சபையில் வேலை செய்பவள் என்று தெரியும். இந்தக் கடைக்கு வந்ததில்லை. கூடவே ஹேவாஹெட்டவிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த அவளுடைய அம்மா வேலாயி.

"ஐயோ அண்ணே! இந்தக் கடையா நீங்க?"

"வாங்க வாங்க. அம்மாவா? உக்காருங்கம்மா. யாருக்குக் கல்யாணம்?"

"எளையவளுக்கு" என்றாள் வேலாயி. "கல்யாணம்னு எப்பிடித் தம்பி கண்டுபுடிச்சீங்க?"

"மழையோட வந்திருக்கீங்களே அம்மா. சும்மா பாக்க வாறவங்க வெயிலுக்குத்தான் வருவாங்க."

பதினொரு சேலை விரிந்தது. பன்னிரண்டாவது, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. சுதேஷ் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பியதும் வேலாயி "அதுதான்" என்றாள். சர்மிளா அம்மாவின் தொடையைக் கிள்ளினாள். வாங்குகிறவர் அவ்வளவு சீக்கிரம் சொல்லலாமா?

"சுமாரா இருக்கு" என்றாள் சர்மிளா. "வெலயக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"உங்களுக்குக் கூட்டிச் சொல்லுவேனா? கொறச்சுத்தான் சொன்னேன்."

அவள் ஒரு விலை சொன்னாள். சுதேஷ் கரையைத் திருப்பி உள்நெசவைக் காட்டினான். அவள் மறுபடியும் அதே விலையைச் சொன்னாள். அவன் நிறம் போகாது என்றான். மூன்றாம் தடவையும் அதையே சொன்னாள். குரலில் ஸ்டூடியோப் பழக்கத்தின் உரிமை இருந்தது.

சுதேஷ் தோளிலிருந்த முந்தானையை எடுத்தான். இரண்டு நுனியையும் சேர்த்தான். உள்ளங்கையால் ஒரு தடவை நீவினான். பாதியாக மடித்தான். மறுபடி நீவினான். அவசரம் கிடையாது, முறைப்பும் கிடையாது. சேலை ஒவ்வொரு மடிப்பாகச் சின்னதாகிக்கொண்டு போனது.

"இருங்க தம்பி, இருங்க இருங்க" என்று வேலாயி எட்டிச் சேலையின் மிச்ச நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

சர்மிளா கைப்பையைத் திறந்தாள்.

பொட்டலம் கட்டும்போதுதான் அவள் கிட்ட வந்து கேட்டாள்.

"அண்ணே, இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"மடிச்சீங்களே. எனக்கு நெஞ்சுக்குள்ள திக்குன்னிச்சு. இனிமே இவருகிட்டக் கேட்டுப் புண்ணியமில்லன்னு தெரிஞ்சிருச்சு. நீங்க கோவப்படவுமில்ல, சிரிக்கவுமில்ல. ஒம்போது தடவ எனக்கு இல்லன்னு சொன்னீங்க, ஒரு தடவகூட இப்பிடி இருந்திச்சா?"

சுதேஷ் நூலைப் பல்லால் கடித்தபடி அப்படியே நின்றான்.

"அங்கயும் இதையே செய்ங்கண்ணே. வீட்டுல அண்ணன் துணி மடிக்கக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

"எங்கடி?" என்றாள் வேலாயி.

"ஸ்டூடியோவுலம்மா."

"ஸ்டூடியோவா? கல்யாணத்துக்குப் போட்டோவும் இவருதான் புடிக்கிறாரா?"

கல்லாவிலிருந்து முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன சுதேஷ் அங்க?"

"சேலயப் பத்தித்தான் முதலாளி. அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து ஒரு படுக்கை விரிப்பைக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஸக்கியாவிடம், "மிஸ், அண்ணன் துணி மடிச்சிக்கிட்டு இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையசைத்தாள்.

சர்மிளா கோவையோடு வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, ஒரு கையெழுத்துத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

சுதேஷ் விரிப்பின் இரண்டு நுனியையும் சேர்த்தான். உள்ளங்கையால் நீவினான். "இல்ல தங்கச்சி" என்றான், மடிப்பைப் பார்த்தபடி.

"அம்மா இருந்தா குடுத்திருப்பாங்க."

பாதியாக மடித்தான். "இல்ல."

சர்மிளாவுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. கீழே பேக்கரியில் தகரத் தட்டு ஒன்று விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நபீல்தான் முதலில் வாய் திறந்தான்.

"அல்லாஹ்! எனக்கு இந்த வேஷம் வேணாம் மிஸ். தந்தாலும் வேணாம்."

கைதட்டினார்கள். ஸக்கியா தட்டவில்லை. எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"துணிய இங்க தாங்கொ."

"சரியா வரலியா மிஸ்?"

"நல்லா வந்திச்சு. ஆனா மறுத்தது துணி. நீங்க அதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கொண்டீங்க. கடையில சேலைக்குப் பின்னால, இங்க பெட்ஷீட்டுக்குப் பின்னால."

விரிப்பு அவன் கையை விட்டுப் போனது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் சொன்னது எங்கே போய்த் தைத்தது என்று அவனுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த அம்மா நினைவுக்கு வந்தார்.

"மடிக்கிற நேரம் உங்க மனசுக்குள்ள என்ன ஓடுது?" என்று கேட்டாள் ஸக்கியா. "அழகாச் சொல்ல வேணாம். சும்மா சொல்லுங்கொ."

"ஒண்ணும் ஓடாது மிஸ். சேல அதோட அலுமாரித் தட்டுக்குத் திரும்பிப் போகணும். அவ்வளவுதான். வந்தவங்க மேல கோவம் கெடையாது. அவங்கள சிரிக்க வைக்கணும்னும் கெடையாது. எனக்குப் பேச்சு முடிஞ்சிருச்சு. கை அதத்தான் செய்யிது."

"வீடு?"

"வீடும்..." சுதேஷ் நிறுத்தினான். "வீடும் அது இருக்கிற எடத்துலதான் இருக்கணும்."

"அத வச்சிக்கொண்டு போய் உட்காருங்கொ. கை சும்மா ஈக்கட்டும்."

அவன் கதிரையில் உட்கார்ந்தான். ஆள் முன்னால் உட்கார்ந்து பேசுவதே அவனுக்குப் புதிது. இத்தனை நாளும் இந்தக் காட்சியை நின்றுகொண்டுதான் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. கைகளை முழங்காலில் வைத்தான். அவை மடிக்கப் பார்த்தன. விடவில்லை.

சர்மிளா மறுபடி வந்தாள். "அண்ணே, ஒரு கையெழுத்துத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். கனடாவுக்குப் போகிற பிள்ளை. நல்ல பிள்ளை. கேட்பதும் நியாயம்தான். ஆனால் வீடு விரிந்தது போதும். அது அதன் தட்டுக்குப் போகவேண்டும்.

"இல்ல தங்கச்சி."

சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னதும், எங்கோ அந்த லட்சுமி எழும்பிப் போகும் கொலுசுச் சத்தம் கேட்குமோ என்று ஒரு கணம் காது கொடுத்தான். எவரும் எழும்பவில்லை. சர்மிளா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையிலிருந்த எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா இருந்தா குடுத்திருப்பாங்க" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்ல."

மூன்றாவது தடவை கேட்கவேண்டும். அவள் கேட்கவில்லை. கோவையை எடுத்துப் பைக்குள் வைத்து, பையின் வாரை இரண்டு தடவை சரிசெய்துகொண்டு எழுந்தாள். அது நாடகத்தில் எழுதியிருக்கவில்லை.

ஸக்கியா கையிலிருந்த நாடகப் பிரதியில் ஒரு வரியை அடித்தாள். "மூணாவது 'இல்ல' தேவப்படாது. அத வெட்டுறன்" என்றாள். "போய் டீ குடிச்சிட்டு வாங்க எல்லாரும். அண்ணன் சுதேஷ் அண்ணன்தான். நபீல், நீங்க வீட்டுத் தரகர்."

"என்ட மூஞ்சிக்கு அதுதான் செட்டாகும் மிஸ்" என்றான் நபீல், மிகவும் சந்தோஷமாக.

மறுநாள் திங்கட்கிழமை காலை. கடை திறந்து, சாம்பிராணி காட்டி, முதல் வியாபாரம் இன்னும் ஆகவில்லை. சனிக்கிழமை கட்டுப் பிரித்த புதுச் சேலைகளைச் சுதேஷ் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தான். முதலாளி நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"சுதேஷ், தீபாவளிக்கு முந்தின ரெண்டு ஞாயிறும் தெறக்கிறோம். நீ வந்திரு."

சுதேஷ் தயாராகத்தான் வந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நிமிர்ந்தால் லட்சுமி படம், அதில் புதுப் பூ. முதல் வியாபாரத்துக்கு முன்னால், இந்த வாசலுக்குள், அந்த வார்த்தையா? நேற்று மேலே பத்துப் பேருக்கு முன்னால் வந்தது இங்கே வரமாட்டேன் என்றது.

"முதல் ஞாயிறு வாறேன் முதலாளி."

"ரெண்டாவது?"

கையில் ஒரு நாவல்பழக் கலர் சேலை இருந்தது. சுதேஷ் அதன் இரண்டு நுனியையும் சேர்த்தான். முதலாளியின் கண்ணைப் பார்த்தபடியே நீவினான். பாதியாக மடித்தான். நீவினான். மறுபடி மடித்தான்.

முதலாளி நாட்காட்டியைக் கீழே வைத்தார்.

"டேய்."

"சொல்லுங்க முதலாளி."

"என்கிட்டயே மடிக்கிறியா?"

சுதேஷ் சேலையைத் தட்டில் வைத்தான். சிரிக்கவில்லை. வேறு பக்கமும் பார்க்கவில்லை.

செல்லச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். அறுபது வருடமாக அந்த வீதியில் தானும் மடித்தவர், மற்றவர்கள் மடிப்பதைப் பார்த்தவர். அதற்குப் பிறகு பேசுவது வீண் வேலை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"சரி சரி. எங்க போற அன்னக்கி?"

"கொழும்புக்கு. நாடகம். நான் நடிக்கிறேன்."

"நாடகமா? ஞாயித்துக்கிழம வகுப்புன்னா கம்ப்யூட்டர் படிக்கிறேன்னுல்ல நெனச்சேன்! என்ன வேஷம்?"

"அண்ணன் வேஷம். தங்கச்சி வீட்ட விக்கக் கையெழுத்துக் கேட்டு வருவா. நான் குடுக்க மாட்டேன்."

"என்ன சொல்லிக் குடுக்காம இருப்ப?"

சுதேஷ் மேலே படத்தைப் பார்த்தான். முதலாளியும் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னால் சாய்ந்து காதை அவன் பக்கம் நீட்டினார். சுதேஷ் குனிந்து அந்தக் காதுக்குள் சொன்னான்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ம். விக்க மாட்ட போலத்தான் இருக்கு" என்றார். பிறகு, "அந்தத் தங்கச்சிக்கு மேடையில உடுத்தச் சேல யாரு குடுக்கிறது?"

"இன்னும் எடுக்கலீங்க முதலாளி."

"கனடா போற பிள்ளன்னா நல்லதா உடுத்தணும். இங்க கூட்டிக்கிட்டு வா. வெல பேசினா, நான் மடிக்கிறேன்."

வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. "வாங்க வாங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.